புதுக் காரில் முளைத்த பொன்னாங்கண்ணி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு முயல் படம் ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டிய குழந்தை யாரென்று எங்களுக்குத் தெரியாது. என் மனைவி கத்தி, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் போட்டுச் சுரண்டிப் பார்த்தாள். முயல் போகவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு காலை நாய் கடித்திருக்கிறது. நாங்கள் நாய் வளர்த்ததே இல்லை. படுத்துத் தூங்கும் கட்டில் வேறு எந்தப் பெண்ணுக்கோ அவள் அப்பா வீட்டுச் சீராக வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் தொழில். அம்பத்தூரில் பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கம்ப்யூட்டர் ஆபீஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் பிளாட் எடுத்ததும் கட்டிலுக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்னிடம் வருவார்கள். கொஞ்ச காலம் கழித்து பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது அதே சாமானை என்னிடமே தள்ளிவிட்டுப் போவார்கள். சில கட்டில்கள் என் கடைக்குத் தாய்வீட்டுக்கு வருவது போல வந்து வந்து போகும். நல்லதாக ஏதாவது வந்தால் அதை வீட்டுக்கு எடுத்துப் போவேன். வீடு நிறைந்தது இப்படித்தான்.

எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் உட்கார்ந்தவன். சாமானைப் பார்க்கச் சொன்னால் பார்ப்பேன், ஆளைப் பார்க்கச் சொன்னால் தரையைப் பார்ப்பேன். யாராவது ஒரு பீரோவைத் தடவிப் பார்த்து, புதுசு மாதிரியே இருக்கிறதே என்றால், "பழசுதாங்க" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது. என் வியாபாரம் வளராமல் போனதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று என் மைத்துனன் சொல்வான். அவன் என் மனைவியின் தம்பி. அண்ணனூரில் வீடு, சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவன் ஒருவனே பேசிவிடுவான்.

என் மனைவிக்கு நகை ஆசை கிடையாது. ஊர் சுற்றும் ஆசையும் கிடையாது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. எங்களுக்கு முன்னால் வேறு யாரும் தொடாத ஒரு சாமான் வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை பெட்டிகூடப் பிரிக்காத மிக்சி ஒன்று கடைக்கு வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, இது புதுசுதான் என்று தைரியமாகச் சொன்னேன். அவள் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே மணமக்களை வாழ்த்தி யாரோ எழுதிய அட்டை ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் வரை சிரித்தாள். ஆனால் அந்த அட்டையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். அந்த மேசையும் பழசு.

எங்கள் மகள் வெளியூரில் வேலைக்குப் போய் நாங்கள் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்த பிறகு கார் பேச்சு வந்தது. மைத்துனன் உடனே ஆவடியில் ஒரு வண்டி இருக்கிறது, டாக்டர் ஓட்டின வண்டி, பொண்டாட்டி மாதிரி வைத்திருக்கிறார் என்றான். அவனுக்குத் தெரிந்த பழைய கார்கள் எல்லாமே டாக்டர் ஓட்டினவைதான். என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, காரும் பழசென்றால் நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. புதுக் கார்தான் என்று முடிவாயிற்று.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் புயல் வந்து போயிருந்தது. எங்கள் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். கடையில் கீழே வைத்திருந்த மெத்தைகளையெல்லாம் குப்பையில் போட வேண்டியதாயிற்று. தண்ணீர் வடிந்து ஊர் காய்ந்த பிறகு, பொங்கலுக்கு முன்னால், கார் பார்க்கக் கிளம்பினோம். போன இடங்களிலெல்லாம் காத்திருக்கச் சொன்னார்கள். பூந்தமல்லி தாண்டிப் பெரிய ரோட்டில் இருந்த ஒரு ஷோரூமில் மட்டும், நீங்கள் கேட்கிற வெள்ளை நிற வண்டி கையிருப்பிலேயே இருக்கிறது, நாளைக்கே எடுத்துப் போகலாம் என்றார்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த விற்பனைப் பெண்ணை என் மனைவி கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. மைலேஜ் பற்றிக் கேட்கவில்லை. ஏசி பற்றிக் கேட்கவில்லை. இதை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய் வேண்டாமென்று திருப்பி விட்டார்களா, யாராவது ஓட்டிப் பார்த்தார்களா, யாராவது உள்ளே உட்கார்ந்தார்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மேடம், இந்த வண்டிக்கு நீங்கதான் ஃபர்ஸ்ட்."

என் மனைவியின் முகம் அப்படி மலர்ந்ததை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

வண்டியைக் கொடுக்கும்போது அதன் மேல் சிவப்புப் பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். நாங்கள் அதை இழுக்க வேண்டும், எல்லாரும் கைதட்டுவார்கள், பிறகு கேக் வெட்ட வேண்டும். எனக்கு வேர்த்துவிட்டது. அட்டையில் செய்த, முறம் அளவுக்குப் பெரிய சாவி ஒன்றை என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் என் மனைவி இருக்கிறாள், மைத்துனன் இருக்கிறான், கார் இருக்கிறது. என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாவி இருக்கிறது.

கோயிலுக்குப் போய், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மைத்துனன் சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கப் போனான். என் மனைவி அவன் கையில் ஒரு அடி வைத்தாள். அது அப்படியே இருக்கட்டும், பிரித்தால் பழசாகிவிடும் என்றாள்.

அதிலிருந்து எங்கள் பயணமெல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தான். உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். எழுந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். திருமுல்லைவாயல் வளைவில் நான் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் பின்சீட்டில் இருக்கும் மைத்துனன் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு வழுக்கிக்கொண்டு போய்ச் சேருவான்.

"இன்னா மாமா இது, காரா சறுக்கு மரமா? அந்தக் கவர கிழிச்சிப் போடேன்" என்பான்.

"உங்க அக்காவ கேளு" என்பேன் நான். அக்காவைக் கேட்க அவனுக்கும் தைரியம் கிடையாது.

மாசி மாதம் வெயில் ஏறத் தொடங்கியபோது வண்டிக்குள் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்தால் ஏரிக்கரையில் நிற்பது போல இருக்கும். என் மனைவி அதுதான் புதுக் கார் வாசனை என்றாள். அவள் அதற்கு முன் புதுக் காரில் உட்கார்ந்ததில்லை, நானும் உட்கார்ந்ததில்லை, அதனால் நானும் அப்படித்தான் இருக்குமென்று நம்பினேன். வாசனை வளர்ந்ததும் முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கியது. பிறகு கடையில் விற்கும் சென்ட் டப்பா வந்தது. மல்லிகையும் சென்ட்டும் ஏரியும் சேர்ந்து ஒரு புது வாசனை உண்டாயிற்று. மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு, எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று டிக்கியைக் குடைந்து பார்த்தான். எலி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி காருக்குள் துடைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக்கின் மேலேதான் துடைப்பாள். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். பின்சீட்டில், முதுகு சாயும் பலகையும் உட்காரும் பலகையும் சேரும் இடத்தில், கவரின் உள்பக்கம் சோற்றுப் பானை மூடியில் நிற்பது போல நீர்த்துளிகள் நின்றன. அவற்றுக்கு நடுவே பச்சையாக ஏதோ தெரிந்தது. பூஜை போட்டபோது மாலையிலிருந்து விழுந்த இலையாக இருக்கும் என்றேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, நேற்றே இது கண்ணில் பட்டது, மாலையிலிருந்து விழுந்தது எப்படி நேற்றைவிட இன்றைக்கு நீளமாக இருக்கும் என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தார். கீரை விஷயத்தில் அவர் தப்பாகச் சொன்னது கிடையாது.

"இது பொன்னாங்கண்ணிம்மா. ஏரி ஓரத்துல தானா கிடக்குமே, அது."

மைத்துனன் வந்து சேர்ந்தான். பார்த்துவிட்டு முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காரோடு கீரையும் இலவசமா மாமா, புளியும் பருப்பும் டிக்கியில் இருக்கிறதா பார் என்றான். பிறகு என்ன தோன்றியதோ, முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பை விரலால் கெல்லித் தூக்கினான். அடியில் சேறு காய்ந்து, கோடையில் ஏரி வெடித்திருப்பது போலப் பாளம் பாளமாக இருந்தது. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"மாமா, இது தண்ணில நின்ன வண்டி. புயல்ல முழுகி கீது. கயுவி காய வச்சி உன் தலைல கட்டிகீறானுங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் உள்ளே போய் எங்கள் எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை என் கையில் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப இதுவும் பழசுதானா?"

வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்ஜினில் ஒரு குறையும் தெரியவில்லை. வேறு வீடாக இருந்தால் கழுவிக் காயவைத்து ஓட்டியிருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு இருந்த கனம் எனக்குத்தான் தெரியும்.

செய்தி தெருவில் பரவ நேரமாகவில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்ததும், பழைய சாமான்காரருக்கே பழசைப் புதுசென்று தள்ளிவிட்டார்களாமே என்று விசாரித்தார்கள். டீ மாஸ்டர் எனக்கு டீ கொடுத்துவிட்டு, கண்ணாடி டம்ளர் புதுசுதான் அண்ணே, பயப்படாமல் குடியுங்கள் என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கேலி நல்லாத்தான் இருந்தது.

ஷோரூமுக்குப் போனோம். மேனேஜர் டை கட்டிய இளைஞர், ரொம்ப மரியாதையானவர். வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து முகத்தைச் சுளித்தார். பிறகு கவரைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. சீட்டின் அடியில் கையை விட்டு, அவர்கள் கம்பெனி பெயர் அச்சடித்த ஒட்டு நாடா கொஞ்சமும் பிரியாமல் இருப்பதைத் தன் ஆளிடம் காட்டி, போட்டோ எடுக்கச் சொன்னார்.

"சார், இத்தனை நாளா கவரே பிரிக்காம ஓட்டியிருக்கீங்க. உள்ள காத்து போகாது, வேர்த்துடும். அதான் ஸ்மெல். இது உங்க சைடு மிஸ்டேக் சார்."

கீரை எப்படி வந்தது என்று மைத்துனன் கேட்டான். காய்கறிப் பையிலிருந்து விழுந்திருக்கும் என்றார் மேனேஜர். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றும் சொன்னார். சில நாள் கழித்துப் போனபோது கதையே மாறியிருந்தது. தரைவிரிப்புக்கு அடியில் இருந்த சேற்றை அவர்களும் பார்த்துவிட்டார்கள். சீட்டைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தோம், பஞ்சுக்குள்ளும் சேறு இருக்கிறது, நீங்கள் வண்டி கழுவும்போது கதவைத் திறந்து வைத்துத் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறீர்கள், அல்லது எங்கேயோ தண்ணீரில் இறக்கியிருக்கிறீர்கள் என்றார்கள். பொங்கலுக்குப் பிறகு ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை.

என் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, கவர் பிரிக்கவே இல்லன்னு நீங்கதானே போட்டோ எடுத்தீங்க? பிரிக்காத கவருக்குள்ள நாங்க எப்படிப்பா சேத்த போட்டோம்?"

மேனேஜர் தன் ஆளைப் பார்த்தார். அந்த ஆள் சுவரைப் பார்த்தார். பிறகு மேனேஜர், மேலிடத்தில் பேச வேண்டும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மைத்துனன் அக்காவைப் புகழ்ந்துகொண்டே வந்தான். நான் இத்தனை மாதம் திட்டிய கவரை இனிமேல் திட்டவே மாட்டேன், அது கவரில்லை, வக்கீல் என்றான்.

ஆனாலும் மேலிடம் என்பது எவ்வளவு உயரம் என்று அவனுக்குத் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்று சத்தம் போட்டால்தான் காரியம் நடக்கும் என்றான். பேனர் அடிக்கக்கூட ஆள் பார்த்துவிட்டான். அந்தப் பேனரில் என் போட்டோவைப் போடலாம் என்றும் சொன்னான். ஆள் சேர்த்தால் நான் வரவே மாட்டேன் என்றேன். அவனுக்குக் கோபம்.

"வாய தொறக்காம இருந்தா ஊரே உன் தலைல கீரை பயிர் பண்ணும் மாமா."

நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை வளர்பிறை முகூர்த்த நாள். நாங்கள் போனபோது ஷோரூம் வாசலில் கல்யாண மண்டபம் போலக் கூட்டம். புது வண்டி எடுக்க வந்த குடும்பங்கள், பட்டுச் சேலைகள், மாலைகள். வரிசையாக நின்ற புதுக் கார்களுக்கு நடுவே ஐயர் ஒருவர் எலுமிச்சம்பழத் தட்டோடு ஒவ்வொரு வண்டியாகப் போய்க்கொண்டிருந்தார். உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கூட்டத்துக்குள் நுழைய என்னால் ஆகாது. நீங்கள் இரண்டு பேரும் போய்ப் பேசுங்கள், நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்றேன். மைத்துனன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவோடு உள்ளே போனான்.

வண்டியை நிறுத்த எனக்குக் கிடைத்த இடம் அந்தப் புதுக் கார் வரிசையின் கடைசியில்தான். பங்குனி வெயில். பிளாஸ்டிக் சுட்டது. வாசனை வேறு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து வைத்துவிட்டுக் காற்றுக்காக வெளியே நின்றேன். காற்று வண்டிக்குள் போயிற்று. உள்ளே இருந்த ஏரி வெளியே வந்தது.

முதலில் வந்தது பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தக் காருக்குள்ள செடி" என்று கத்தினாள்.

"செடி இல்லம்மா. கீரை" என்றேன். குழந்தைகளிடம் எனக்குக் கூச்சம் இல்லை.

அவள் அப்பா வந்தார். புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். கவருக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்க வாங்கின வண்டியா?"

"ஆமாங்க."

"எப்போ?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"புதுசாவா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை, யாரையும் குறை சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"புதுசுன்னுதான் சொன்னாங்க."

அவர் நேரே போய்த் தன் புதுக் காரின் கதவைத் திறந்து, முட்டி போட்டு, தரைவிரிப்பைத் தூக்கி மூக்கை வைத்து மோந்தார். அதைப் பார்த்த பக்கத்து வண்டிக்காரர் என்ன ஏதென்று கேட்டார். பிறகு அவரும் முட்டி போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுக்கப் பட்டு வேட்டிகளும் சந்தனப் பொட்டுகளும் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றன. பெரியவர் ஒருவர் கழுத்தில் மாலையோடு சீட்டு இடுக்கில் விரலை விட்டு விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள் பிளாஸ்டிக் கவரைப் பரபரவென்று கிழித்தார். ஐயர் கற்பூரத்தை ஏற்றிவிட்டு யாரும் கும்பிட வராததால் தட்டோடு அங்கேயும் இங்கேயும் பார்த்தார். கற்பூரம் எரிந்து அணைந்தது. எலுமிச்சம்பழம் வைத்த வண்டி ஒன்றையும் யாரும் நகர்த்தவில்லை.

மேனேஜர் வெளியே ஓடி வந்தார். டை தோளுக்குப் பின்னால் பறந்தது.

"சார், டோரைக் கொஞ்சம் க்ளோஸ் பண்ணுங்க சார்."

"வேர்க்குதுங்க" என்றேன். உண்மையிலேயே சட்டை நனைந்திருந்தது.

"உள்ள வாங்க சார். ஏசி இருக்கு. ஓனரே வந்திருக்காரு."

இப்படித்தான் அந்த மேலிடம் கீழே இறங்கி வந்தது. கண்ணாடி அறைக்குள் போனபோது என் மனைவியும் மைத்துனனும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி வயதானவர், வெள்ளைச் சட்டை, அடிக்கொருதரம் வெளியே இருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டார். சுற்றி வளைத்துப் பேசினார். புயலன்று அவர்களுடைய நிறுத்துமிடத்தில் ஓரமாகத் தண்ணீர் வந்ததாம், அதில் ஒன்றிரண்டு வண்டிகள் நின்றுவிட்டனவாம், சுத்தம் செய்தால் ஒன்றும் தெரியாதென்று பையன்கள் தப்பு செய்துவிட்டார்களாம். இப்போது சீட்டெல்லாம் புதிதாக மாற்றித் தருகிறேன், தரைவிரிப்பை மாற்றித் தருகிறேன், சர்வீஸ் எல்லாம் இலவசம், மேடத்துக்கு ஒரு தங்கக் காசும் தருகிறேன் என்றார். தங்கக் காசு என்றதும் மைத்துனன் என் காலை மிதித்தான்.

என் மனைவி அவரைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேசியவளுக்கு அந்த இடத்தில் பேச்சு வரவில்லை. எங்களுக்குப் புதுசு வேண்டும் என்று மூன்றாம் மனிதரிடம் கேட்க அவளுக்கு வெட்கமாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஓர் அறைக்குள் நான்கைந்து பேர் முன்னால் அவள் என்னைப் பேசச் சொன்னது அதுதான் முதல் முறை. நான் தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"என் கடையில எல்லாமே பழசுங்க. பழசுன்னு சொல்லித்தான் விக்கிறேன். இவங்க உங்ககிட்ட புதுசு கேட்டாங்க. நீங்களும் புதுசுன்னு சொன்னீங்க. சீட்டு வேணாம், காசு வேணாம். புதுசு குடுங்க."

முதலாளி ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை வெளியே பார்த்தார். வெளியே அந்தச் சின்னப் பெண் மற்ற பிள்ளைகளைக் கூட்டி வந்து கீரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். சரி, வேறு வண்டி வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

என் மனைவிக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. வருகிற வண்டி லாரியிலிருந்து இறங்கும்போது நான் நேரில் பார்க்க வேண்டும் என்றாள். முதலாளி அதற்கும் தலையாட்டினார். பழைய வண்டியை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். குறைத்து விற்றுவிடுவோம் என்றார். பழசென்று சொல்லியா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். வேண்டுமானால் உங்கள் கடையிலேயே வையுங்கள், நீங்கள் ஒருத்தர்தான் சரியாகச் சொல்லி விற்பீர்கள் என்றார். கட்டிலும் பீரோவும்தான் என் வியாபாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீரில் நின்ற வண்டியென்று எழுதியே அதை விற்றார்கள் என்று பிறகு மேனேஜர் சொன்னார். வாங்கினவர் ஒரு மெக்கானிக்காம்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் என் மனைவி அந்தக் கவரை ஓரத்தில் மட்டும் கிழித்து, பொன்னாங்கண்ணியை வேரோடு எடுத்து உடைந்த பெயின்ட் வாளியில் நட்டாள். அது படர்ந்து வாளியை மூடிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவும் வந்து கிள்ளிக்கொண்டு போகிறார். முதல் தடவை பொரியல் செய்தபோது மைத்துனன் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கீரை நல்ல மைலேஜ் குடுக்குது அக்கா என்றான்.

சித்திரையில் வண்டி வந்தது. கார்களை அடுக்கிக் கொண்டுவரும் அந்த நீள லாரி, மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவரை என் மனைவி குடை பிடித்துக்கொண்டு ஷோரூம் வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொல்லி நாற்காலி கொண்டுவந்தார்கள், உட்காரவில்லை. எங்கள் வண்டி சரிவுப் பலகையில் மெதுவாக இறங்கி வந்ததும் முதலில் போய்க் கதவைத் திறந்தது அவள்தான். தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாள். பிளாஸ்டிக் வாசனையும் ரப்பர் வாசனையும்தான் வந்தன. அதற்குத்தான் புதுக் கார் வாசனை என்று பெயர் என்று இரண்டு பேருமே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

மறுபடியும் சிவப்புப் பட்டுத்துணி, மறுபடியும் கைதட்டல், மறுபடியும் அந்த அட்டைச் சாவி. இந்தத் தடவை சாவியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். போட்டோவில் என் முகம் இருக்கிறது. கண்ணை மூடியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

ஐயர் எலுமிச்சம்பழம் வைப்பதற்குள் என் மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கவரைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டாள். சத்தம் வாசல் வரை கேட்டது. மேனேஜர் பதறிப்போய், கொஞ்ச நாள் இருக்கட்டும் மேடம், அழுக்காகிவிடும் என்றார். அவள் எல்லாவற்றையும் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கரையான்சாவடியில் வண்டியை நிறுத்தி போண்டா வாங்கினோம். காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மனைவி பொட்டலத்தைப் பிரிக்கும்போது சட்னி கவிழ்ந்து பின்சீட்டில் கொட்டிவிட்டது. நான் அலறியடித்துக்கொண்டு துணியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க. நாம கொட்டினதுதானே."

அந்தக் கறை இன்னும் இருக்கிறது. மைத்துனன் எப்போதும் அதன் மேல்தான் உட்காருகிறான். இப்போது திருமுல்லைவாயல் வளைவில் அவன் வழுக்குவதில்லை.